நீ சொன்ன ‘ஆமா’

இன்று காலை, மூளை அலைகளை வரையும் இயந்திரத்தின் எட்டுப் பேனாக்களுக்கும் மை ஊற்றினேன். அந்த மைக்கு ஒரு வாடை உண்டு. ஈரத் துருவின் வாடை. விரலில் பட்டால் சோப்பு போட்டாலும் மாலைவரை போகாது. கட்டிலில் வலிப்பு வரும் ஒரு பெண் படுத்திருந்தாள். தலையில் கம்பிகளை ஒட்டினேன். காகிதம் நகர்ந்தது. நெற்றிப் பக்கத்துப் பேனா ஒன்றும் பிடரிப் பக்கத்துப் பேனா ஒன்றும் ஒரே கணத்தில் எழுந்து ஒரே கணத்தில் விழுந்தன. அந்த இரண்டு இடங்களையும் நேராக இணைக்கும் இழை உண்டா என்று ஒரு வருஷமாகக் கண்ணாடித் தகடுகளில் தேடிக்கொண்டிருக்கிறேன். மூளைச் சீவல்களில் வெள்ளி ஏற்றிக் கறுப்பாக்கிய நரம்பிழைகள், நூறு நூறாக. நேர் இழை ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் அவை சேர்ந்துதான் துடிக்கின்றன.

மேலே எவனோ கை வைத்திருக்கிறான் என்று நீ சொல்லியிருப்பாய்.

நீ போய்ப் பதினோரு மாதம். இதுவரை உனக்கு ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் அதைத்தான் எழுத வேண்டும் என்று தெரியும். உன்னை எடுத்த அன்று, உன் பெயரில் ஒரு பொய் சொன்னேன். சாமிக்கண்ணுவிடம். அவரிடம் இன்னும் திருத்திச் சொல்லவில்லை. அதற்கு முன் உன்னிடம்.

முதலில் படத்தைப் பற்றி.

அந்தப் பொங்கல் விடுமுறைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகம் கொண்டுவந்திருந்தேன். மதகுக் கட்டையில் உட்கார்ந்து நீ பீடி பிடித்துக்கொண்டிருந்தாய். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாம். நான் மூளையைப் படிக்கப் போனேன். நீ பொதுப்பணித் துறையில் லஸ்கர் ஆனாய். மதகின் ஷட்டரை ஏற்றுவது, இறக்குவது, கரை பார்ப்பது. கட்சிக் கிளைச் செயலாளர் சிபாரிசில் கிடைத்த வேலை. “கட்சிக் கொடிய ஏத்தினேன். பரவால்ல, நல்லா ஏத்துறான்னு ஷட்டர ஏத்துற வேலயக் குடுத்துட்டாங்க” என்பாய்.

புத்தகத்தைப் பிரித்து நரம்பணுவின் படத்தைக் காட்டினேன். தண்டு, கிளை, கிளைக்குக் கிளை. நீ தலையைச் சாய்த்துப் பார்த்தாய்.

“வாய்க்கால் படம்டா இது. வெட்டினவன் நல்லாத்தான் வெட்டியிருக்கான். தண்ணி எங்க?”

பாதை தெரிந்தால் போவது தெரியும் என்றேன். நீ சிரித்தாய். எதிரே பிரிந்து போகும் இரண்டு கிளை வாய்க்கால்களைக் காட்டினாய். இதற்கும் அதற்கும் ஒட்டு உறவு கிடையாது, ஆனால் இது ஒரு சாண் இறங்கினால் அதுவும் ஒரு சாண் இறங்கும், மேலே வாய்க்கால் தலைப்பில் எவனோ கை வைத்திருக்கிறான் என்றாய். கீழ்வேளூருக்குக் கிழக்கே ஒரு வடிகாலைப் பற்றிச் சொன்னாய். அமாவாசைக்குக் கடல் ஏறினால் அது பின்னால் ஓடுமாம். உன் படத்தில் அம்புக்குறியை எந்தப் பக்கம் போடுவாய் என்று கேட்டாய். புத்தகத்தின் ஓரத்தில் இதைப் பென்சிலால் குறித்துக்கொண்டேன். வேடிக்கையான உதாரணம் என்பதற்காக. அதற்கு மேல் அதை நினைக்கவில்லை.

அந்த வருஷம்தான் குத்தகைப் பதிவு. உழுகிறவன் பெயர் தாசில்தார் ஆபீசில் ஏறியது. மிராசுதார் வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும் வரை பொறுக்க முடியாதவர்களுக்குத் தண்ணீர் இருந்தது. சம்பா நடவு நேரம். மூன்று நாள் பண்ணைக்கு, மூன்று நாள் குத்தகைக்காரர்களுக்கு என்று முறை வைத்திருந்தார்கள். நம் பக்கத்து முறை வரும்போது ஷட்டர் மூடியே இருக்க வேண்டும் என்றது பண்ணை. பதிவு செய்த நிலம் காய்ந்தால் பதிவும் காயும்.

பண்ணையின் காரியக்காரர் சாமிக்கண்ணு. ஐம்பது வயது. மிராசுதார் மெதுவாகச் சொல்வதை உரக்கச் சொல்வது அவர் உத்தியோகம். டீக்கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே சொன்னார்.

“முறையாவது மண்ணாவது. நாளைக்கு அந்த ஷட்டரத் தொட்டா, தொட்ட கை இருக்காது.”

கடையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். நீ டீயை ஆற்றியபடி, கை போனால் காலால் சுற்றுவேன் என்றாயாம். கடை சிரித்ததாம். சாமிக்கண்ணுவே சிரித்துவிட்டாராம். இதெல்லாம் எனக்குப் பிறகு சொன்னார்கள். அப்போது நான் சென்னையில், நரம்பின் குறுக்குவெட்டைத் தகட்டில் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் உச்சிப் பொழுது. நடவுப் பெண்கள் சாப்பிடக் கரையேறியிருந்தார்கள். கை கழுவ வாய்க்காலில் இறங்கியவள்தான் தண்ணீரில் நிறத்தைப் பார்த்தாள். மேலே ஷட்டர் திறந்திருந்தது. நீ அதன் அடியில் குப்புறக் கிடந்தாய். ஷட்டரைச் சுற்றும் இரும்புக் கைப்பிடியாலேயே அடித்திருந்தார்கள். ஒரு தடவை அல்ல. இடது காதுக்கு மேலே மண்டை, கீழே விழுந்த பானை போல உள்ளே போயிருந்தது. அந்தக் கைப்பிடியைப் பிறகு ஸ்டேஷனில் பார்த்தேன். மரையில் உன் முடி சுற்றியிருந்தது.

தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரியில் உடைந்த எலும்பை எடுத்தார்கள். நாற்பது நாள். எனக்குத் தந்தி வந்தது. நான் பரீட்சையை முடித்துவிட்டுத்தான் புறப்பட்டேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

நான் வந்தபோது நீ வீட்டுக்கு வந்திருந்தாய். காதுக்கு மேலே ஒரு குழி. குழியில் தோல் மட்டும். தோலுக்கு அடியில் துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. வலது கை தொங்கியது. என்னைப் பார்த்ததும் முகம் விரிந்தது. வாய் திறந்தது. “ஆமா” என்றாய். எப்படியடா இருக்கிறாய் என்றேன். “ஆமா.” அந்த ஒரு வார்த்தைதான் உனக்கு மிஞ்சியிருந்தது. அதற்குள் ஏற்றம், இறக்கம், கோபம், கேலி எல்லாம் இருந்தன. வார்த்தை மட்டும் ஒன்று.

உன் மச்சான் வீரையனும் இன்னும் மூன்று பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். போலீஸ் ‘அடையாளம் தெரியாத நபர்’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தது. “படிச்சவன் வந்துட்டான்” என்றான் வீரையன். அந்த வார்த்தை எனக்கு இனித்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

வாசல் மண்ணில் குச்சியால் ஒரு தலையை வரைந்தேன். பக்கவாட்டுத் தலை. இங்கே பேச்சு, இங்கே புரிவது, இதிலிருந்து இதற்கு இப்படி ஒரு கட்டு இழை போகிறது. அடி பட்டது இங்கே. பேச்சு போயிருக்கிறது, புத்தி போகவில்லை. நீளமாகப் பேச வராது. ஆனால் ஆமா, இல்லை என்பதற்குப் பேச்சே வேண்டாம், அது எங்கிருந்தாலும் வந்துவிடும். நான் ஒவ்வொரு பெயராகச் சொல்கிறேன். அவன் சொல்லட்டும்.

நான்கு பேரும் மண்ணில் இருந்த தலையைப் பார்த்தார்கள். பிறகு உன் தலையைப் பார்த்தார்கள்.

உன் எதிரே குந்தினேன்.

“உன்ன அடிச்சது சாமிக்கண்ணா?”

“ஆமா.”

அதுதான் நான் கேட்ட முதல் பெயர். இரண்டாவது பெயரை நான் கேட்கவே இல்லை.

வீரையன் எழுந்துவிட்டான். நீ மறுபடி “ஆமா” என்றாய், உரக்க. கண் பிதுங்கியது. இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். பொத்தான்கள் தெறித்தன. மறுபடி “ஆமா, ஆமா.” என் சட்டையை விட்டுவிட்டு உன் வாயிலேயே குத்திக்கொண்டாய். உதடு கிழிந்து இரத்தம் மோவாயில் இறங்கியது. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஆத்திரப்படாதடா. புரிஞ்சிருச்சு.”

கதவுக்குப் பின்னால் உன் மனைவி அஞ்சம்மா கஞ்சிச் சட்டியோடு நின்றாள். “அண்ணே” என்று ஆரம்பித்தாள். வீரையன் அவளை உள்ளே போகச் சொன்னான். எனக்குக் கேட்டது. நான் திரும்பவில்லை.

இரண்டு நாள் கழித்து, நாலு மணி வாக்கில், சாமிக்கண்ணு குடவாசலிலிருந்து வாய்க்கால் கரையில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். நான்கு பேர் மறித்தார்கள். சைக்கிளைச் சாய்த்து, அவருடைய வலது கையை அதன் குறுக்குக் கம்பியில் வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். கதிர் அறுக்கிற அரிவாள் எலும்புக்கு ஆனதல்ல. மூன்று தடவை வெட்ட வேண்டியிருந்தது. கை தண்ணீரில் விழுந்தது. அவர் துண்டைப் பல்லால் இழுத்துத் தாமே கட்டிக்கொண்டு பெரிய ரோடுவரை நடந்தாராம். ரோட்டில்தான் விழுந்தார்.

உன் வீட்டுக்குச் செய்தி சிரிப்போடு வந்தது. வந்தவன் முழங்கால்வரை சேறோடு நின்று சொன்னான்.

“கை இருக்காதுன்னான்ல. இப்ப இல்ல.”

நீ கேட்டாய். கட்டிலை விட்டு எழுந்தாய். எழுந்து நடந்தே பத்து நாள்தான் ஆகியிருந்தது. நிலைப்படிக்குப் போய், அந்தக் குழி இருக்கும் பக்கத்தைச் சட்டத்தில் மோதினாய். மூன்று தடவை. நான்காவதற்குள் பிடித்தோம். தாம்புக் கயிற்றால் உன்னைக் கட்டிலோடு கட்டினோம். கட்டியவர்களில் நானும் ஒருவன். கயிறு மணிக்கட்டில் ஏறியது. “ஆமா. ஆமா. ஆமா.” தெருவே வாசலில் நின்றது. பழி தீர்ந்ததில் அவனுக்கு வெறி என்றார்கள். நானும் அப்படியே நினைக்கப் பார்த்தேன். முடியவில்லை. பழி தீர்ந்தவனின் கண் அல்ல அது.

எல்லோரும் போன பிறகு அஞ்சம்மா வந்தாள். கயிற்றைத் தளர்த்தினாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

“அண்ணே, அவரு எல்லாத்துக்கும் அதத்தான் சொல்றாரு. சோறு வேணுமாங்கன்னா ஆமாம்பாரு. வேணாமாங்கன்னாலும் ஆமாம்பாரு, தட்டத் தள்ளி விட்டுருவாரு. நான் வாயப் பாக்குறதில்ல. கையப் பாத்துக்குவேன்.” உன் இடது கைக் கட்டை அவிழ்த்தாள். “ஒரு வார்த்த என்னைக் கேட்டிருக்கலாம்ல.”

அதன் பிறகுதான், இரண்டு நாள் முன்பு செய்ய வேண்டியதைச் செய்தேன். மறுபடி உன் எதிரே குந்தினேன்.

உன் பேரு சாமிக்கண்ணா? “ஆமா.” நீ பொம்பளையா? “ஆமா.” உன்ன நான்தான் அடிச்சேனா?

“ஆமா” என்றாய். அழுதுகொண்டு சொன்னாய். கட்டாத கையை இல்லை, இல்லை என்று ஆட்டிக்கொண்டே சொன்னாய்.

நீ அடிபட்ட அன்று உச்சிப் பொழுதில் சாமிக்கண்ணு குடவாசல் மாட்டாஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். வயிறு உப்பிய பசுவோடு. டாக்டர் புத்தகத்தில் பெயர் இருந்தது. போலீஸ் அதை முன்பே பார்த்திருந்தது. நம்மிடம் சொல்ல அவர்களுக்குத் தோன்றவில்லை. கேட்க நமக்குத் தோன்றவில்லை. உன்னை அடித்தது யார் என்று இன்றுவரை தெரியாது. உனக்குத் தெரியும். அது உன்னோடு போய்விட்டது.

வீரையனையும் மற்றவர்களையும் பிடித்துப் போனார்கள். என் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அடி வாங்கியும் சொல்லவில்லை. தெருவில் முதல் படிப்பு. அது கெட்டுவிடக் கூடாதாம்.

பிறகு நான் அதை யோசித்தேன். இப்போதும் யோசிக்கிறேன். ஆமா என்பது ஒரு மதகு, இல்லை என்பது இன்னொரு மதகு, அறிவு அவற்றில் ஒன்றைத் திறக்கும் என்று நினைத்திருந்தேன். உன் மண்டைக்குள் ‘இல்லை’ குறைவில்லாமல் இருந்தது. அதிலிருந்து வாய்க்குப் போகும் இழைகளில் கொஞ்சமாவது மிஞ்சித்தான் இருந்திருக்கும். வெள்ளி ஏற்றினால் கறுப்பாகத் தெரிந்திருக்கும். ஆனால் எது உள்ளே வந்தாலும் அந்த வழியில் ஒரே அலைதான் ஓடியது. அதே ‘இல்லை’ வேறொரு வழியாக உன் இடது கைக்கு வந்தது. என் சட்டையைக் கிழித்தது. உன் உதட்டைக் கிழித்தது. நான் படத்தில் இருந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் என் சட்டையில் இருந்தது.

ஆறு மாதத்தில் வலிப்பு தொடங்கியது. உன்னைச் சென்னைக்குக் கூட்டிவந்தேன். இதே கட்டில், இதே எட்டுப் பேனா. குழியைச் சுற்றி மந்தமான பெரிய அலைகள். திடீரென்று ஒரு பேனா குத்திக்கொண்டு எழுந்தது. பக்கத்துப் பேனா அதைப் பிடித்துக்கொண்டது. பிறகு எட்டும். எந்த இழை எங்கே போகிறது என்ற கணக்கெல்லாம் போய்விட்டது. எல்லாம் சேர்ந்து ஒன்றையே சொல்லின, காகிதம் கிழிய. கட்டிலில் நீ வில்லாக வளைந்தாய். பல்லுக்கு நடுவே துணியைத் திணித்தார்கள். நான் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது கிழியக் கூடாதென்று.

மாத்திரையோடு ஊருக்குத் திரும்பினாய். வலது கையில் பலம் வந்துவிட்டது. வேலையில் வேறு லஸ்கர். நீ தினமும் மதகுக்குப் போவாயாம். சும்மாவாம். அவன் எத்தனை சுற்று என்று தடுமாறினால், அவனை ஒதுக்கிவிட்டுச் சரியாக அத்தனை சுற்று சுற்றிக் கொடுப்பாயாம். கைக்கு ஒன்றும் மறக்கவில்லை. கார்த்திகை மழையில் ரோடு அறுந்து, மாத்திரை வராமல் நாலு நாள். ஐந்தாம் நாள் காலை, மதகடியில், கணுக்கால் அளவு தண்ணீரில், முகம் கவிழ்ந்து. தண்ணீர் கணுக்கால் அளவுதான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

இனி சாமிக்கண்ணு.

உன்னைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தோம். வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டம் சட்டென்று விலகியது. அவர் நின்றார். கை போன காரியக்காரனால் பண்ணைக்கு உபயோகமில்லை. நிறுத்திவிட்டார்கள். வாத்து மேய்க்கிறார். வாத்துக்காரர்களின் நீளக் கம்பை வேலியில் சாய்த்துவிட்டு வந்து, இடது கையில் அரிசி அள்ளினார்.

“எடது கையால போடக் கூடாதுய்யா” என்றார் யாரோ ஒரு பெரியவர்.

சாமிக்கண்ணு அப்படியே நின்றார். அரிசி விரலிடுக்கில் சிந்தியது. வீரையன் ஜாமீனில் வந்திருந்தான். அவன் தரையைப் பார்த்தான். அஞ்சம்மா உன் தலைமாட்டிலிருந்து நிமிர்ந்தாள்.

“இருக்குற கையாலதான போட முடியும். போடுங்க.”

அவர் போட்டார். பாதி உன் உதட்டில் நின்றது. அதை அஞ்சம்மா விரலால் உள்ளே தள்ளினாள்.

எரித்துவிட்டுத் திரும்பும்போது கரையில் எனக்காக நின்றிருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. மொட்டைக் கையைத் துண்டுக்குள் வைத்திருந்தார்.

“தம்பி, ஒன்னு கேக்கணும். அன்னைக்கு நீங்கதான் பக்கத்துல இருந்தீங்களாம். எம்பேர அந்தப் புள்ளயே சொல்லிச்சா, இல்ல யாராவது சொல்ல வச்சாங்களா?” துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “கை திரும்பி வராதுன்னு தெரியும். யாரு மேல வருத்தப்படணும்னு தெரிஞ்சா போதும் தம்பி.”

எனக்கு எல்லாம் தெரியும். நான்தான் கேட்டேன். ஒரே ஒரு பெயரைத்தான் கேட்டேன். அவன் உடம்பு முழுவதையும் வைத்து இல்லை என்றான். சொல்ல வேண்டியது இந்தக் கடைசி மூன்று வாக்கியம். என் மண்டையில் குழியில்லை. எந்த இழையும் அறவில்லை. வாயைத் திறந்தேன்.

“அவன்தான் சொன்னான்.”

அவர் தண்ணீரைப் பார்த்தார். “சொல்லியிருக்கும். நான் பேசின பேச்சு அப்படி” என்றார். கம்பை எடுத்துக்கொண்டு கரையோடு போனார்.

அவர் என்மேல் வருத்தப்பட்டிருக்கலாம். உன்மேல்கூட வருத்தப்பட்டிருக்கலாம். தம்மேலேயே எடுத்துக்கொண்டு போனார். அதை நான் தடுக்கவில்லை.

இப்போதெல்லாம் வார்டில் யாராவது ஆமாம் என்று தலையாட்டினால் அதே கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேட்கிறேன். பிறகு கூட வந்தவர்களைக் கேட்கிறேன். சோறு ஊட்டுகிறவளை முதலில் கேட்கிறேன். உடன் இருப்பவர்கள் இதை என் ஆராய்ச்சி முறை என்கிறார்கள்.

அஞ்சம்மா யாரையோ கொண்டு கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறாள். குறுவை அறுப்பு முடிந்த வயல்களில் சாமிக்கண்ணு வாத்துகளோடு குடவாசலுக்குத் தெற்கே தங்கியிருக்கிறாராம். நான் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த மூன்று வாக்கியங்களையும் தினமும் உரக்கச் சொல்லிப் பார்க்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு அறையில் தனியாக இருக்கும்போது தடங்கலில்லாமல் வருகிறது.